கருவேலங்காட்டுக்குச் சோலார் குத்தகை கிடைக்க வழி செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதுகுளத்தூர் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு 5 ஏக்கர் புஞ்சை இருக்கிறது. இருக்கிறது என்று சொல்கிறேனே தவிர, நான் அதற்குள் கால் வைத்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. அத்தனையும் சீமைக்கருவேலம், ஆடு நுழைந்தால்கூட முள்ளோடுதான் திரும்பி வரும். அப்பா காலத்தில் மிளகாயும் குதிரைவாலியும் போட்ட நிலம்தான். மழை தவறத் தவற ஒவ்வொரு மூலையாகத் தரிசு போட்டோம், போட்ட இடத்தையெல்லாம் கருவேலம் பிடித்துக்கொண்டது. மூன்று, நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை கரிமூட்டம் போடுகிறவர் வந்து, விலை பேசி, வெட்டிக்கொண்டு போவார். போன தடவை 30,000 ரூபாய் கொடுத்தார். நான்கு பங்காளிகள் பிரித்துக்கொண்டோம். அந்த நிலத்தால் எங்களுக்கு வருமானம் அவ்வளவுதான்.

இதே மண், இதே வெயில்தான் கமுதிப் பக்கமும். அங்கே 2016-ல் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை அதானி நிறுவனம் தொடங்கியது. ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது என்று அன்றைக்குப் பேசினார்கள். குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் இத்தனை லட்சம் சோலார் தகட்டை எதை ஊற்றிக் கழுவுவான் என்று நாங்கள் டீக்கடையில் கேலி பேசிக்கொண்டிருந்தோம், அவர்கள் ரோபோவை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது மின்வாரியம் ஒரு யூனிட்டுக்கு 7.01 ரூபாய் கொடுத்தது. மறுவருஷமே தமிழக அரசின் ஏலத்தில் அது 3.47-க்கு இறங்கிவிட்டது. 2024 மே மாதம் மாநிலத்தின் உச்சபட்ச மின்தேவை 20,800 மெகாவாட்டைத் தாண்டியதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆக, கரண்டும் வேண்டும், வெயிலும் கிடக்கிறது, நிலமும் சும்மா கிடக்கிறது.

அப்புறம் ஏன் எங்கள் ஊருக்கு வரவில்லை என்றால், வந்தது, திரும்பிப் போய்விட்டது. ஒரு கம்பெனி ஆட்கள் வந்து, 30 மெகாவாட் போடுகிறோம், நீண்ட காலக் குத்தகைக்கு நிலம் கொடுங்கள் என்றார்கள். ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும், அதுவும் துண்டு துண்டாக இல்லாமல் சேர்ந்தாற்போல வேண்டும். ஊரில் முக்கால்வாசிப் பேருக்குச் சம்மதம். ஆனால் பட்டாவைப் பார்த்தால் எங்கள் நிலம் இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. வாரிசு 11 பேர், ஒருவர் திருப்பூரில், ஒருவர் மலேசியாவில், ஒரு அத்தை இறந்துபோய் அவருடைய பிள்ளைகள் சென்னையில். ஊரில் பாதி நிலம் இந்த லட்சணம்தான். வாரிசுச் சான்றுக்கு ஒரு மனு, உட்பிரிவுக்கு ஒரு மனு, அளக்க வரச்சொல்லி ஒரு மனு, சர்வேயர் வந்தால் கல் இல்லை, கல் இருந்தால் சர்வேயர் இல்லை. இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்தக் கம்பெனி கிளம்பிவிட்டது.

அது போன பிறகு புரோக்கர்கள் வந்தார்கள். அவர்களுக்குக் குத்தகைப் பேச்சே கிடையாது, கிரயம்தான். எந்தக் கம்பெனிக்கு என்றும் சொல்ல மாட்டார்கள். மகள் கல்யாணத்துக்குப் பணம் தேவைப்பட்ட என் சித்தப்பா மகன் அவனுக்குத் தனிப்பட்டாவில் இருந்த 3 ஏக்கரை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டான். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டத்துப் பாவகடாவும் நம்மைப்போல வறண்ட பூமிதான். அங்கே சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா இருக்கிறது. நிலத்தை விவசாயிகளிடமிருந்து விலைக்கு வாங்கவில்லை. அரசு நிறுவனமே இடையில் நின்று குத்தகைக்கு எடுத்து, மின் உற்பத்தி செய்கிறவர்களுக்குக் கொடுத்தது. ஏக்கருக்கு வருஷம் 21,000 ரூபாயில் தொடங்கி, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை 5 சதவீதம் கூட்டிக் கொடுக்கும் ஏற்பாடு. எங்கள் 5 ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வருகிறது. நிலமும் எங்கள் பெயரிலேயே இருக்கும். கரிமூட்டக்காரர் கொடுத்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பாவகடாவில் எல்லாம் பாலும் தேனுமாக ஓடுகிறது என்று நான் சொல்லவில்லை. நிலம் உள்ளவனுக்குக் குத்தகைப் பணம் வந்தது, அந்த நிலத்தில் கூலிக்குப் போனவனுக்கு ஒன்றும் வரவில்லை. அந்தத் தப்பு இங்கேயும் நடந்துவிடக் கூடாது. கரி வெட்டிப் பிழைக்கிற குடும்பங்கள் எங்கள் ஊரில் நிறைய. வேலி போட்ட பிறகு காவல், புல் வெட்டுவது, தகடு பராமரிப்பு இதற்கெல்லாம் முதலில் அவர்களைத்தான் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். ஆடு வைத்திருப்பவர்களுக்கும் உள்ளே மேய்க்க ஒரு ஏற்பாடு செய்யலாம். தகட்டுக்கு அடியில் புல் முளைக்கத்தான் போகிறது, அதை மிஷின் வைத்து வெட்டுவதைவிட செம்மறி மேய்ந்துவிட்டுப் போகட்டுமே.

இன்னொரு பெரிய விஷயம் கண்மாய். சோலார் வேண்டாம் என்று எங்கள் ஊரில் சொல்கிற பெரியவர்கள் முக்கியமாக இதற்குத்தான் பயப்படுகிறார்கள், அவர்கள் பயம் நியாயமானது. கருவேலத்துக்குள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே போகிறது என்று இன்றைக்கு அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் தெரியும். ஜேசிபி வந்து சமப்படுத்தினால் ஒரே நாளில் அடையாளம் போய்விடும், அப்புறம் ஐப்பசி மழையில் தண்ணீர் கண்மாய்க்கு வராமல் ஊருக்குள் வரும். அதனால் நிலம் கை மாறும் முன்பே ஊராட்சியும் வருவாய்த் துறையும் அந்தப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து, கால்வாய்க்கு இரண்டு பக்கமும் கல் ஊன்றிவிட வேண்டும். மிளகாய் விளைகிற நிலத்தையும் யாரும் தொடக் கூடாது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய் அது. கருவேலம் மண்டிய தரிசே எங்களிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது.

மாவட்ட நிர்வாகத்தையும் ஊராட்சி ஒன்றியத்தையும் நாங்கள் கேட்பது பணம் இல்லை, மானியமும் இல்லை. ஊர் ஊராகக் கூட்டுப்பட்டாவைப் பிரிக்க ஒரு முகாம் போடுங்கள், வெளியூரில் இருக்கிற வாரிசுகள் வந்துபோக வசதியாகத் தீபாவளி, பொங்கல் சமயத்தில் போடுங்கள். கம்பெனிக்காரர்கள் யாராக இருந்தாலும் கிராம சபையில் வந்து பேசட்டும், குத்தகைத் தொகை எல்லாருக்கும் தெரியும்படி இருக்கட்டும், தனித்தனியாக வீட்டுக் கதவைத் தட்டுகிற புரோக்கருக்கு அப்போது வேலை இருக்காது.

ஊராட்சியே இறங்கினாலும் தப்பில்லை. மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006-லேயே பேங்க் லோன் போட்டு 350 கிலோவாட் காற்றாலை வாங்கி, தன் தேவைக்குப் போக மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது. விவசாயிகளுக்கான சூரிய மின் திட்டமாக மத்திய அரசு 2019-ல் கொண்டுவந்த குசும் திட்டத்திலும், துணை மின் நிலையத்துக்குப் பக்கத்தில் 2 மெகாவாட் வரை சோலார் போடத் தகுதியுள்ளவர்கள் பட்டியலில் விவசாயிகளோடு ஊராட்சிகளையும் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருவர், முதலில் தெருவிளக்குக்குக் கரண்ட் பில் கட்டச் சொல்லுங்கள் என்றார். சரி, அதற்கும் சேர்த்துத்தானே கேட்கிறேன்?

கண்மாய் எல்லையிலிருந்து தொடங்கி எங்கள் ஊர்த் தரிசு எந்தெந்த சர்வே நம்பரில் இருக்கிறது என்று நானும் இரண்டு பேரும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த கிராம சபைக்கு அதை எடுத்துக்கொண்டு போகிறேன். வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து ஒருவர், ஒரே ஒருவர், அன்றைக்கு வந்து உட்கார்ந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு மானாவாரி விவசாயி,
முதுகுளத்தூர் வட்டம்.