பெரியம்மாவுக்கு, பர்மிங்காமிலிருந்து

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நான் இங்கே நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவிடம் கேட்டால் "பரவாயில்லை" என்பதோடு நிறுத்திவிடுகிறாள். நம் பக்கம் இப்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்திருக்கும், காலை மூடிக்கொண்டு படுங்கள். இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது.

வந்த மூன்றாவது வாரம் தொண்டை கட்டிக்கொண்டதே, குளிர் என்று அம்மாவிடம் சொன்னேன். குளிர் இல்லை பெரியம்மா. வகுப்பில் கத்தியது.

ஒன்பதாம் வகுப்பு, முப்பது பிள்ளைகள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைசி பீரியட். இந்தப் பள்ளியில் டீச்சர் வந்தால் எழுந்து நிற்கும் பழக்கம் கிடையாது. நம் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பள்ளியில் நாம் வாசலில் தெரிந்ததுமே பெஞ்சுகள் உராயும் சத்தம் கேட்குமே, அது எனக்கு எவ்வளவு வேலையைச் செய்து கொடுத்திருக்கிறது என்று இங்கே வந்துதான் தெரிந்தது. நான் "சத்தம் போடாதீர்கள்" என்று கத்த, ஒருவன் ஸ்கேலால் மேசையில் தாளம் போட, ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு கதை பேச, அன்றைக்கு விகிதக் கணக்கு ஒன்றுகூட முடியவில்லை. பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

"இரண்டு போட்டால் அடங்கமாட்டார்களா?" என்று மாமா போனில் கேட்டார். இங்கே அரசுப் பள்ளிகளில் அடிப்பது 1987லேயே நின்றுவிட்டது. நம் நாட்டிலும் 2009 கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. எந்தச் சட்டமும் வருவதற்கு முன்பே நீங்கள் பிரம்பைத் தொட்டதில்லை. அதனால்தான் மாமாவிடம் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இங்கிலாந்தில் இரண்டு வருடப் பயிற்சிக் காலம். முதல் வருடம் பாடவேளையில் 10 சதவீதம் குறைத்துக் கொடுத்து, வழிகாட்ட ஒருவரையும் போடுகிறார்கள். என் வழிகாட்டி ஐம்பது வயது அம்மையார். ஒரு நாள் என் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து தாளில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் வாயைத் திறந்த தடவைகளாம். பத்தொன்பது கோடு. திட்டவில்லை. மறுநாள் அவர் வகுப்புக்கு வந்து பார்க்கச் சொன்னார்.

ஒரு கால் வராந்தாவில், ஒரு கால் வகுப்பில், வாசலில் நிற்கிறார். வருகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். போர்டில் ஐந்து கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. பையை வைத்ததும் வேலை தொடங்கிவிடுகிறது. கையில் இருந்த தாள்களை அவர் உடனே கொடுக்கவில்லை. முதலில் என்ன செய்யவேண்டும் என்று சொன்னார், ஒரு பையனைத் திருப்பிச் சொல்ல வைத்தார், அப்புறம்தான் தாள் கைமாறியது. நானோ தாளைக் கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பிப்பேன். தாள் கைக்கு வந்த பிறகு யார் காது கொடுப்பார்கள்? நடுவில் எங்கோ குசுகுசுவென்று சத்தம் வந்ததும் வாக்கியத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். அமைதி வரும்வரை நின்றார். அவ்வளவுதான்.

அமெரிக்காவில் ஜேக்கப் கூனின் என்பவர் வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970இல் வெளியிட்டாராம். தப்பு நடந்த பிறகு டீச்சர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதை வைத்து, அடங்கின வகுப்பையும் அடங்காத வகுப்பையும் பிரிக்க முடியவில்லை. வித்தியாசம் அதற்கு முன்னாலேயே இருந்திருக்கிறது: டீச்சருக்கு முதுகிலும் கண் உண்டு என்று பிள்ளைகள் நம்புவது, பாடம் நடுவில் அறுந்துபோகாமல் ஓடுவது. என் வழிகாட்டி இதைச் சொல்லச் சொல்ல எனக்கு உங்கள் முகம்தான் தெரிந்தது. கரும்பலகையில் எழுதிக்கொண்டே, திரும்பாமல், "முருகேசா, புளியங்காயை உள்ளே வை" என்பீர்களே.

போன செவ்வாய்க்கிழமை அந்தப் பையன் மறுபடி ஸ்கேலை எடுத்தான். நான் கணக்கை விளக்கிக்கொண்டே நடந்துபோய் அவன் பக்கத்தில் நின்றேன். ஸ்கேலைப் பிடுங்கவில்லை, பெயரைச் சொல்லவில்லை. அவன் நோட்டில் இரண்டாவது கணக்கை விரலால் தொட்டேன். தாளம் நின்றது. அந்தக் கணக்கை அவன் சரியாகப் போட்டிருந்தான்! சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போன் செய்தேன். "இப்போது என்ன செய்துவிட்டான்?" என்றார் அவன் அம்மா. நல்லது சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றதும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை.

எல்லா நாளும் இப்படி இல்லை. மழையில் மைதானம் மூடிவிட்டால் இன்னும் தடுமாறுகிறேன். தப்பு செய்தால் கணினியில் பதிவு, பள்ளி விட்ட பிறகு உட்காரவைப்பது எல்லாம் இங்கே உண்டு. எல்லா டீச்சருக்கும் ஒரே முறை என்பது நல்லதுதான். ஆனாலும் காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையை அப்படிப் பதிவு செய்ய எனக்குக் கை வருவதில்லை. முதலில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறேன்.

ஒன்று மட்டும் நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். பள்ளி திறந்த முதல் நாளே எல்லார் பெயரும் உங்களுக்கு எப்படி வந்தது? எனக்கு ஐந்து வகுப்பு, நூற்றைம்பது பெயர். சோமாலி, போலிஷ், பஞ்சாபி என்று ஒவ்வொன்றும் ஒரு ஒலி. தப்பாகச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது. அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன்: அவர்கள் தங்கள் பெயரை எனக்குச் சொல்லித்தர வேண்டும், நான் என் ஊர்ப் பெயரைச் சொல்லித்தருவேன். ஸ்கேல் பையனுக்கு மட்டும்தான் கொழிஞ்சாம்பாறையின் 'ழ' ஏறக்குறைய வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் அதை உங்களுக்குச் சொல்லிக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் செல்வி