41 வகுப்பும் ஒரு சிவப்புப் பெருக்கல் குறியும்

பெறுநர்: நிர்வாகி, வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: எட்டாம் வகுப்பு கணித டியூஷன், கட்டணத்தைத் திருப்பித் தருதல் தொடர்பாக (ஆறாவது கடிதம்)

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

முதல் ஐந்து கடிதங்களுக்கும் ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. நான் எழுதியது கருத்து இல்லை, புகார். 96 தனி வகுப்புகளுக்கான பணத்தை ஒரே தவணையில் வாங்கினீர்கள். நடந்தது 41 என்கிறது உங்கள் செயலி. அதில் ஆறு நாள் ஆசிரியர் திரைக்கே வரவில்லை. கணக்கு சொல்லித் தரும் நிறுவனத்துக்கு 35-ம் 41-ம் ஒன்றா?

5 − 2(3 − 7) என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். விடை 13. ஒரு பிள்ளை −12 என்று எழுதினால், 5-லிருந்து 2-ஐ முதலில் கழித்துவிட்டு, வந்த 3-ஐ அடைப்புக்குறியோடு பெருக்கியிருக்கிறது. பெருக்கல் முதலில், கழித்தல் அப்புறம் என்பது பிடிபடவில்லை. −15 என்று எழுதினால் வரிசையில் தப்பில்லை. −2-ஐ உள்ளே கொண்டுபோய் −7-ஐப் பெருக்கும்போது +14 வரவேண்டிய இடத்தில் −14 வந்துவிட்டது. இரண்டும் வேறு வேறு தப்பு, இரண்டுக்கும் மருந்தும் வேறு. இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் உங்கள் செயலி இரண்டுக்கும் ஒரே சிவப்புப் பெருக்கல் குறியைப் போட்டு, அதே மாதிரி இன்னும் 40 கணக்கைத் தள்ளிவிடுகிறது. தப்பாகவே 40 தடவை போட்டால் தப்புதானே கைக்குப் பழகும்?

என் மகள் −15 ரகம். நோட்டில் 12 கணக்கில் 9-ல் அதே இடத்தில் அதே சறுக்கல். உங்கள் மாத அறிக்கை ‘கவனக்குறைவு’ என்கிறது. கவனக்குறைவு அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும், இப்படி ஒரே இடத்தில் வரிசைகட்டி நிற்காது. அந்த அறிக்கையை எழுதியவர் நோட்டைப் பார்க்கவே இல்லை. பார்க்கவும் முடியாது, ஏனென்றால் செயலியில் விடையைப் போட மட்டும்தான் கட்டம் இருக்கிறது. பள்ளித் தேர்வில் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு என்பதையாவது யாராவது அவர்களிடம் சொல்லுங்கள்.

“ஆயிரம் பசங்க படிக்கிறாங்க சார், உங்க பொண்ணுக்கு மட்டும் மண்டையில ஏறலன்னா நாங்க என்ன பண்றது?” இது உங்கள் சேவை மையத்தில் பேசியவர் சொன்னது. அழைப்பைப் பதிவு செய்வதாகச் சொல்கிறீர்களே, எடுத்துக் கேளுங்கள். அதற்கு முந்தைய வாரம்தான் “நோட்டையெல்லாம் எடுத்துட்டு நேர்ல வாங்க, பாடத் தலைவர் பார்ப்பார்” என்று இதே ஆள் வரச்சொன்னார். நாலு நோட்டோடு இரண்டே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்த பிறகு, பாடத் தலைவர் அன்றைக்கு லீவு என்று தெரிந்தது. அவர் லீவு என்பது வரச்சொன்னவருக்குத் தெரியாதா?

ஆசிரியர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாலு மாதத்தில் ஐந்து பேர். மூன்றாவதாக வந்தவர் நோட்டைக் கேமராவில் காட்டச்சொல்லி, வரி வரியாகப் படித்து, “இந்தப் 14-க்கு முன்னாடி ஏன்மா கழித்தல்?” என்று கேட்டார். கணக்கு சொல்லித் தருவது என்றால் அதுதான். அவரை இரண்டே வாரத்தில் மாற்றிவிட்டீர்கள். அடுத்து வந்தவருக்கு ஒரு குறிப்பும் போய்ச் சேரவில்லை, மறுபடி முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தார்.

சேரும்போது வைத்த தேர்வைச் சொல்ல விட்டுவிட்டேன். 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை. கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே சராசரியாக ஐந்து சரியாகும். அதில் பின்னங்களில் 80% என்று சான்றிதழ் வேறு. வெள்ளைத்தாளில் போடச் சொன்னால் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறாள். 2/5 என்பது அரையைவிடக் குறைவு. அரையோடு இன்னொரு பின்னத்தைக் கூட்டினால் அரையைவிடக் குறையுமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், அவளே பிடித்திருப்பாள். பின்னம் இப்படி ஆட்டம் காணும்போது அதன் மேல் இயற்கணிதத்தை ஏற்றியது யார் முடிவு? கல்வியாண்டில் நாலு மாதம் பாழாகிவிட்டது. கணக்கு என்றாலே இப்போது முகம் சுளிக்கிறாள், அதற்கு எந்தப் பணமும் ஈடாகாது.

தயவுசெய்து இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். மீதமுள்ள 61 வகுப்புகளுக்கான கட்டணத்தை 15 நாளுக்குள் திருப்பித் தாருங்கள். அல்லது அந்த மூன்றாவது ஆசிரியரையே ஆண்டு முடியும்வரை தந்து, ஒவ்வொரு வகுப்பிலும் நோட்டைப் பார்த்தபின்தான் அடுத்த பயிற்சி என்று எழுத்தில் கொடுங்கள். இரண்டும் முடியாது என்றால் நுகர்வோர் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்வோம். வருகைப் பதிவும் நோட்டின் நகல்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

உடனடி நடவடிக்கையை எதிர்பார்க்கும்,
ஒரு மாணவியின் தந்தை

பி.கு.: ‘ஒன்பதாம் வகுப்புக்கு இப்போதே சேருங்கள்’ என்று இன்று காலையும் குறுஞ்செய்தி வந்தது. முதலில் அதை நிறுத்துங்கள்.