கொலுசை ஊறப்போட்டு புண்ணுல தடவாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

வெள்ளி நானோ துகளையும் செடி எண்ணெயையும் சேத்தா கிருமி சாகும்னு நீங்க போட்ட கட்டுரைய செவ்வாய்ப்பேட்டைல எங்க பட்டறைல சத்தமாவே படிச்சோம், வெள்ளி சமாச்சாரம்னா விடுவோமா, முப்பது வருஷமா கொலுசுக்குக் கம்பி இழுத்து பத்தவெச்சு பொழைக்கிறவங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அன்னிக்கே எங்க அக்கா வீட்டுக்காரரு ஏற்காட்டுல வாங்குன நீலகிரி தைலத்துல (ஏற்காட்டுல வித்தாலும் பேரு நீலகிரி தைலம்தான்) பழைய கொலுசு ஒண்ண ஊறப்போட்டு, ரெண்டு நாள் கழிச்சு அந்தத் தைலத்த கால்ல இருக்கிற சக்கரைப் புண்ணுல தடவிட்டாரு. கேட்டா பேப்பர்லயே போட்டிருக்கான்ங்கிறாரு.

என் பொண்ணு மைக்ரோபயாலஜி படிக்குது, அது சொன்னத வெச்சு எழுதுறேன். ஒரு மில்லிமீட்டர பத்து லட்சமா பங்கு போட்டா ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டராம், துகள் 1லேர்ந்து 100 நானோமீட்டர் இருந்தாத்தான் நானோ. அவ்ளோ பொடிசா இருக்கிறதாலதான் வெள்ளி அயனி (மின்னேத்தம் உள்ள வெள்ளி அணு) நெறைய கழண்டு வந்து கிருமியோட புரதத்துல இருக்கிற கந்தகத்தப் போய்ப் புடிச்சுக்குது. கந்தகம் பட்டா கொலுசு கறுக்குதுல்ல, அதே பாசம்தான். கிராம்பு எண்ணெயில இருக்கிற யூஜெனால், ஓமத்துல இருக்கிற தைமால் எல்லாம் கிருமியோட மேல் சவ்வக் கெடுத்து விட்டுரும், வெள்ளி சுலபமா உள்ள பூந்துரும், அதனால ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் போட்டாலே சில கிருமிக்குப் போதுமாம். எல்லா எண்ணெய்க்கும் எல்லாக் கிருமிக்கும் இது ஒத்து வராது. இதுவும் லேப்ல தட்டுல வளத்த கிருமிகிட்டத்தான் பலிச்சது, ஆனா புண்ணுல ஊறுற நீர்ல இருக்கிற உப்பும் புரதமும் வெள்ளியப் புடிச்சுக் கட்டிப் போட்டுரும்.

கொலுசத் தைலத்துல போட்டா நானோ வராது சார், தைலத்துல நனஞ்ச கொலுசுதான் வரும். அதுவும் சுத்த வெள்ளியா என்ன, செம்பு கலந்திருக்கும், பத்தவெக்கிற பொடில என்னென்ன போடுறோம்னு எங்களுக்குத்தான் தெரியும்.

வெள்ளி மருந்தே இல்லன்னு சொல்ல வரல. பட்டறைல கை வெந்தா டாக்டர் எழுதிக் குடுக்குற வெள்ளைக் கிரீம் சில்வர் சல்ஃபாடயசின், 1968லயே வந்தது, அளவு பாத்துச் செஞ்சது. ஆனா வெள்ளித் தண்ணின்னு விக்கிறத வாங்கிக் குடிச்சுட்டே இருந்தா தோலு நீலமும் சாம்பலுமா மாறிடுமாம், மாறுனா போகவே போகாது. எங்க அப்பா விரல்ல சாகுற வரைக்கும் நீலப் புள்ளி இருந்துச்சு, பச்ச குத்துனதுன்னே நெனச்சுட்டிருந்தோம், வெள்ளித் தூள் ஏறுனதா இருக்கும்னு பொண்ணு இப்பத்தான் சொல்லுது.

மச்சானுக்கு சக்கரையால கால்ல உணர்ச்சி கம்மி, தைலம் பட்டு சுத்தித் தோலு கொப்பளிச்சதே தெரியல. இப்ப ஒருநாள் விட்டு ஒருநாள் டிரெஸ்ஸிங்.

அடுத்த தடவ இந்த மாதிரி போட்டா, இது இன்னும் லேப்லதான் இருக்குன்னு தலைப்புக்குக் கீழயே பெரிய எழுத்துல போடுங்க. கடைசி பாராவுல போட்டா எங்க மச்சான் அதுவரைக்கும் படிக்க மாட்டாரு. அந்தக் கொலுசு வேற அக்காவோடது, தைல வாசம் இன்னும் போகல, வீட்ல தெனம் சண்ட.

கொலுசு பட்டறைக்காரன்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்