கேட்காத கேள்விக்குப் பதில் எழுத விடாதீர்கள்: ஆய்வு மேற்பார்வையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மேற்பார்வையாளர்களுக்கு,

வணக்கம். இறுதியாண்டுப் பிள்ளைகளின் ஆய்வேடுகளை ஹட்டனில் இருந்து மொழி திருத்திக் கொடுப்பவன் நான். எழுத்துப்பிழை பார்ப்பவனுக்கு ஆய்வைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். அந்த ஆய்வேடுகளில் வருவது எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சனம், அதனால்தான்.

பெறுபேறுகளில் கண்டதைச் சொல், அதன் அர்த்தத்தைக் கலந்துரையாடலில் பேசு என்றுதான் நீங்களும் சொல்லிக்கொடுக்கிறீர்கள். நடப்பது வேறு. கொழுந்து பறிக்கும் பெண்களின் இரத்தசோகை பற்றி ஓர் ஆய்வேடு வந்தது. ஹீமோகுளோபின் அட்டவணைக்கு அடுத்த வரியிலேயே, "இதற்குப் பெண்களின் அறியாமையே காரணம்." வினாக்கொத்தைப் புரட்டினால், அவர்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு கேள்விகூட இல்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்கு முன் என்ன சாப்பிட்டார்கள், கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்த நாட்கள் எத்தனை என்றும் கேட்கவில்லை. எழுதியதும் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) இருந்து படிக்கப்போன பிள்ளைதான்.

அதே ஆய்வில் இன்னொன்று. கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே என்றால் சோகை என்பது கடல்மட்டக் கணக்கு. நுவரெலியா நகரோ சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடினால் ஹீமோகுளோபினும் இயல்பாகக் கூடும். அதனால் அளந்த அளவில் கொஞ்சத்தைக் கழித்தே பார்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். கழிக்காவிட்டால் சோகை உள்ளவர்களும் சுகமானவர்கள் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். கலந்துரையாடல் பேச வேண்டியது இதையல்லவா? அங்கே இருந்ததெல்லாம் அட்டவணையின் அதே சதவீதங்கள், வசனமாக.

அப்புறம், கண்ட தொடர்பு தற்செயலாகவும் வரக்கூடுமா என்று பார்க்க உதவும் இந்த 'பி' பெறுமானம். 0.05ஐத் தாண்டினால் "தொடர்பு இல்லை" என்று முடித்துவிடுகிறார்கள். நாற்பது பேரிடம் மட்டும் கேட்டால், இருக்கிற தொடர்பும் பிடிபடாமல் போகலாம். உண்மையான அளவு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று காட்டும் நம்பிக்கை இடைவெளியையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். ஒரு தோட்டத்தின் ஒரே டிவிஷனில் (பிரிவில்) எடுத்த தரவு முடிவுரையில் "மலையக மக்கள்" ஆவதையும் கொஞ்சம் பாருங்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. முந்திய வருடத்து ஆய்வேட்டைப் பார்த்து எழுதுகிறார்கள், அதில் இருப்பது உங்கள் கையெழுத்து. முதல் பிரதி வந்ததும், "காரணம்" என்று வருகிற ஒவ்வோர் இடத்திலும் அது எந்த அட்டவணையில் இருந்து, அல்லது யாருடைய ஆய்வில் இருந்து வந்தது என்று ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாவிட்டால் வெட்டிவிடுங்கள். என் கைக்கு வருவது பைண்டிங்குக்கு முதல் நாள். அப்போது காற்புள்ளி மட்டும்தான் போட முடியும்.

இப்படிக்கு,
ஹட்டனில் இருந்து ஒரு மொழி திருத்துநர்