ஸ்கிரிப்ட் எழுதப் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

படம், அனிமேஷன் மென்பொருள்களுக்கு ஸ்கிரிப்ட், அதாவது வேலையைத் தானாகச் செய்து தரும் சிறு நிரல், எழுதக் கற்றுத்தரும் பாடத்தை உன் கல்லூரியில் இந்தப் பருவத்தில்தான் முதல் தடவையாக, சோதனை முறையில் நடத்துகிறார்கள், அதை எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக எடு. ஆனால் அதற்கு முன்னால், இது உன் பட்டத்துக்குக் கணக்கில் சேருமா என்று துறையில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள். இப்படிப்பட்ட பாடம் அடுத்த ஆண்டே இல்லாமல் போகலாம். அதோடு உன் கிரெடிட்டும் போய்விடக் கூடாது.

பாடத்திட்டத்தைப் படித்தேன். ஃபோட்டோஷாப்புக்கு ஜாவாஸ்கிரிப்ட் மொழி, படங்களை அசைய வைக்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் எக்ஸ்பிரஷன் என்ற குட்டி நிரல்கள், முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் பைத்தான் மொழி, கடைசியில் வீடியோக்களை மாற்றித் தரும் எஃப்எஃப்எம்பெக். வரையப் படிக்க வந்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று உன் தோழி கேட்டாளாமே. 10 நிமிட அனிமேஷனை எடுத்துக்கொள். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் 14,400 படங்கள். அத்தனைக்கும் பெயர் மாற்றி, அளவு குறைத்து, ஓரத்தில் முத்திரை வைப்பதைக் கையால் செய்கிறவருக்குப் படத்தை நின்று பார்க்க எங்கே நேரம்? அந்த வேலையை ஸ்கிரிப்டிடம் தள்ளிவிட்டால், உன் கண் படத்திலேயே இருக்கும். இந்தப் பாடத்தை நான் விரும்புவதற்குக் காரணம் அதுதான்.

கற்கிற மொழி நாளைக்கு இருக்குமா என்ற உன் கவலை சரியானதுதான். நான் டைரக்டர் என்ற மல்டிமீடியா மென்பொருளில் லிங்கோ மொழியில் எழுதினேன், அப்புறம் இணைய அனிமேஷனுக்கான ஃபிளாஷில் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் மொழியில். டைரக்டரின் விற்பனை 2017-இல் நின்றது. ஃபிளாஷ் பிளேயர் 2020 முடிவோடு போய்விட்டது. ஆனால் மவுஸை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும், ஒரு ஃபிரேம் முடிந்ததும் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று லிங்கோவில் யோசித்த அதே யோசனையோடுதான் இன்றைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறேன். மொழிக்குள் மாற்றம் வந்தாலும் தொல்லை உண்டு: 2019-இல் பிளெண்டர் 2.80 வந்தபோது அதோடு சேர்த்து ஓட்டும் துணை நிரல்களான பழைய ஆட்-ஆன்கள் பல ஓடவில்லை. அதனால் ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே எந்தப் பதிப்புக்கு எழுதினாய் என்று குறித்து வை.

தொழிலில் கற்ற சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். மூலக் கோப்புகள் மீது ஸ்கிரிப்டை ஓட்டவே ஓட்டாதே. நகல் எடு, முதலில் 2 கோப்பில் ஓட்டிப் பார், பிறகு மொத்தத்துக்கும் போ. 500 கோப்புகளின் மேல் எழுதிய ஸ்கிரிப்டுக்கு அன்டூ கிடையாது, பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. ஏ.ஐ. எழுதித் தந்த ஸ்கிரிப்டாக இருந்தாலும் ஒவ்வொரு வரியையும் படித்த பிறகே ஓட்டு, முக்கியமாக எதையாவது அழிக்கும் வரிகளை. படங்களுக்கு எண் போடும்போது 0001, 0002 என்று பூஜ்யம் சேர். இல்லையென்றால் எழுத்து வரிசையில் அடுக்கும் நிரல் 10-ஐ 2-க்கு முன்னால் வைத்துவிடும், அனிமேஷன் துள்ளும். இன்னொன்று: நொடிக்கு 29.97 ஃபிரேம் என்று பதிவான வீடியோவை 30 ஃபிரேம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி பிசகும், உதடும் குரலும் சேராது. இது பாடத்திட்டத்தில் இல்லை, ஆசிரியரிடம் கேள். முதல் தடவை நடத்துகிறவருக்கு இந்த மாதிரிக் கேள்விகள் உதவியாகத்தான் இருக்கும்.

எக்ஸ்பிரஷன் வகுப்பு உனக்குப் பிடிக்கும். விகிள் (wiggle) என்று எழுதி அடைப்புக்குள் 2, 30 என்று கொடுத்தால், நீ வரைந்தது நொடிக்கு 2 தடவை, 30 பிக்சல் அளவில் தானாக அசையும். எந்த நொடியில் எங்கே இருக்க வேண்டும் என்று கையால் குறிக்கும் கீஃபிரேம் ஒன்றுகூட வைக்க வேண்டாம். எண்களை மாற்றி மாற்றிப் பார், எந்த எண்ணில் பயம் தெரிகிறது, எந்த எண்ணில் குளிர் தெரிகிறது என்று உனக்கே புரியும். வரையத் தெரிந்தவளுக்கு அது சீக்கிரம் பிடிபடும்.

பாடத்தின் கடைசியில் செய்ய வேண்டிய புராஜெக்டுக்குப் பெரிதாக எதையும் தேடாதே. உன் ஸ்டோரிபோர்டு வேலையில் தினமும் சலித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் செய்வது எது? அதை எடுத்துக்கொள். பாதியில் நின்றாலும் பரவாயில்லை, வருகிற எரர் செய்தியோடு எனக்கு அனுப்பு. இங்கே ஓட்டிப் பார்த்து, எந்த வரியில் சிக்குகிறது என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா