எங்கள் ஃபைல்களைச் சுமந்தவர்களுக்கு

பெயர் போட்டு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள், அதனால் பெயர் போடவில்லை. படித்தால் அவரவருக்கே தெரியும்.

என் வீட்டுக்காரர் மதராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்தபோதே மாரடைப்பில் போனார். சண்டையில் போயிருந்தால் அவருடைய கடைசிச் சம்பளம் முழுக்கப் பென்ஷனாக வரும், எங்களைப் போன்றவர்களுக்குப் பத்து வருஷம் பாதி, அதற்கப்புறம் 30 சதவீதம். மேடையேற்றிச் சால்வை போர்த்துகிற மரியாதைகூட அந்தக் கணக்குதான். சரி, அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். எந்தக் காகிதத்தை எங்கே நீட்டுவது என்று தெரியாமல் முதல் வருஷம் நான் அலைந்த அலைச்சல்தான், இன்று குடியாத்தம் பக்கத்துப் பட்டாளத்து வீடுகளின் அக்கா தங்கைகளுக்காக என்னைப் பையும் கையுமாகத் திரிய வைத்திருக்கிறது. ஆனால் தனியாளாக நான் ஒன்றும் கிழிக்கவில்லை.

கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற சுபேதார் ஐயா இல்லாவிட்டால் பெயர், குடும்ப விவரங்களைப் பட்டாளத்துப் பதிவில் ஏற்றுகிற பார்ட் டூ ஆர்டர் என்றால் என்னவென்றே எனக்குத் தெரிந்திருக்காது. ஒரு பாட்டியின் பெயர் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் 'அம்மா' என்று முடிகிறது, ஆதாரில் 'அம்மாள்'. அந்த ஒரு 'ள்'லில் குடும்பப் பென்ஷன் மாட்டிக்கொண்டது. ரெஜிமென்ட் ஆட்களின் பதிவேடுகள் இருக்கிற வெலிங்டன் ரெக்கார்டு ஆபீசுக்குச் சுபேதார் ஐயாவே கைப்பட மூன்று கடிதம் எழுதினார், தபால் செலவுக்குக்கூட என்னிடம் கை நீட்டவில்லை.

அப்புறம் கம்ப்யூட்டர் சென்டர் தம்பி. ஸ்பர்ஷ் என்கிற பட்டாளத்துப் பென்ஷன் வெப்சைட்டின் பாஸ்வேர்டை நாங்கள் எத்தனை முறை மறந்தாலும் முகம் சுளித்ததில்லை. அதே பாட்டிக்குப் பீடி சுற்றிச் சுற்றி விரல் ரேகையே இல்லை, உயிர்வாழ் சான்று எடுக்கப்போனால் மெஷின் அவரை ஆள் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. தம்பி வாசலுக்குக் கூட்டிவந்து, வெளிச்சத்தில் உட்காரவைத்து, போனில் முகத்தைக் காட்டச் சொன்னான். "கண்ணைச் சிமிட்டுங்க பாட்டி" என்றால் பாட்டி இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்! அரை மணி நேரம். கடையில் வரிசை நின்றது, யாரும் சத்தம் போடவில்லை. அந்த வரிசைக்கும் நன்றி.

பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களின் குடும்பங்களுக்கு வைத்தியம் பார்க்கிற இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குக்குக் கூட்டிப்போய், காத்திருந்ததற்குக் காசு வாங்காத ஆட்டோ அண்ணனுக்கும்.

என் மாமியாரை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவரும் தாலியறுத்தவர்தான், பெற்ற பிள்ளையையும் பறிகொடுத்தவர். எங்களைப் போன்றவர்கள் எதிரே வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிற ஊர் இது. நான் ஃபைலோடு புறப்படும்போதெல்லாம் அவர் வேண்டுமென்றே வாசலில் எனக்கு எதிரே வந்து நின்று, "போயிட்டு வா, நல்லதே நடக்கும்" என்பார்.

பாட்டிக்குப் போன வாரம் அரியர்ஸ் ஏறிவிட்டது. மறுநாளே ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தார். சுபேதார் ஐயா, உங்களுக்கு சுகர் என்பதால் உங்கள் பங்கைத் தம்பி சாப்பிட்டுவிட்டான்.