தார்ப்பாய் விலை

தம்பிக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் நீ 'ம்' கொட்டுவாய், நானும் மழை பெய்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். நேரத்துக்குச் சாப்பிடு.

பொங்கலுக்கு வந்தபோது பரண்மேல் ஒரு நோட்டை விட்டுப் போயிருக்கிறாய். சனிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு ஆளுக்கொரு வேஷம் எடுத்துக் கதையாக விளையாடும் பாத்ஃபைண்டர் விளையாட்டுக்கு எழுதியது. பிரித்துப் படித்துவிட்டேன், கோபிக்காதே. அதில் நீ அபதார் என்ற சாமிக்குப் பூசாரி. நகரம், செல்வம், வியாபாரம், சட்டம் எல்லாம் அவர் பொறுப்பு. தங்கச் சாவி அவர் சின்னம். 'முதல் பெட்டகம்' என்ற அவருடைய கருவூலத்தில் ஒவ்வொரு பொருளிலும் குறையே இல்லாத ஒன்று இருக்குமாம். அப்படியென்றால் குறையில்லாத தராசும் அங்கே இருக்கும். அதை நினைத்துக்கொண்டு கல்லாவில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். காயம்பட்டு வந்தவனுக்குக்கூட அவர் பூசாரி சும்மா வைத்தியம் பார்க்கக் கூடாது, உரிய காசு வாங்க வேண்டும் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாய்.

அதனால்தானா வீட்டு அட்வான்ஸுக்கு நான் போட்ட 50,000 ரூபாயை அன்று சாயங்காலமே திருப்பி அனுப்பினாய்? அம்மாவுக்குத் தெரியாது, நீயும் சொல்லிவிடாதே. என் பிள்ளை சொந்தச் சம்பாத்தியத்தில் நிற்கிறான் என்று கடலூர் முதுநகர் முழுக்கச் சொல்லித் திரிகிறவன் நான்தான். ஆனாலும் ஒரு வார்த்தைகூட இல்லாமல் திரும்பி வந்த பணம் உறுத்துகிறது. அப்பன் பிள்ளைக்குக் கொடுப்பதில் என்ன வியாபாரம்? நேரத்துக்குச் சாப்பிடு. கண் விழிக்காதே.

உன் தாத்தா நெல் அளந்தால் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார், 'லாபம்' என்பார். அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். எடைக்கல்லுக்கு முத்திரை தவறவிட்டதில்லை. எடையில் கை வைத்ததில்லை. விலையில்தான் தவறினேன்.

தானே புயல், 2011 டிசம்பர் 30. விடிந்தபோது கூரைகள் இல்லை, கரண்ட் இல்லை, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. நம் கடையில் தார்ப்பாய் அடுக்கு மட்டும் நனையாமல் இருந்தது. 350 ரூபாய்த் தார்ப்பாயை 900 என்றேன். தேவனாம்பட்டினத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்த அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழாவது படித்த நீ ஸ்டூலில் இருந்து, "அப்பா, நேத்து 350 தானே?" என்றாய்.

அவள் எதிரிலேயே உன்னை அறைந்தேன். அவள் ஒன்றும் வாங்காமல் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

ஸ்டூலிலிருந்து விழுந்துவிட்டேன் என்று அம்மாவிடம் நீ சொன்னாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். மறுநாளும் 900க்குத்தான் விற்றேன். அந்தக் காசில் போட்டதுதான் கடை ஷட்டர். தினமும் காலையில் அதைத்தான் தூக்குகிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க இத்தனை வருஷம் ஆகியிருக்கக் கூடாது. கேட்கிறேன், தம்பி.

50,000த்தைப் பேரேட்டில் உன் பேரில் வரவு வைத்திருக்கிறேன். நோட்டைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை, கல்லாவில் இருக்கிறது. சித்திரைக்கு எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று மட்டும் எழுது. எத்தனை மணியானாலும் ஸ்டாண்டில் நிற்பேன்.

அப்பா